தொட்டிக்குள் ஒரு கடல்

(பசுமலையில் நடைபெற்ற அறிவியல் ஆசிரியர்களுக்கான குறுவளமையக் கூட்டத்தில் ஒரு பட்டதாரி ஆசிரியர் பேசியதன் எழுத்து வடிவம்)

கடல் இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு படகு மோட்டாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைக் கேட்டதும் இரண்டு மூன்று பேர் சிரித்தீர்கள். சிரிப்பு நியாயம்தான். இங்கிருந்து ராமேசுவரம் 170 கிலோமீட்டருக்கு மேல். நம் வைகையில் ஆண்டில் பாதி நாள் மணல்தான் தெரியும். ஆனாலும் இந்தப் பசுமலைப் பக்கத்திலேயே, திருமங்கலம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், ஒரு படகு மோட்டார் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடியதை நான் பார்த்தேன். அது ஓடியது மட்டுமல்ல, பாதியில் கெட்டும் போனது. கெட்டதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். பெயர் வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் வருவான், இரண்டு நாள் வரமாட்டான். வராத நாளில் அப்பாவின் பட்டறையில் இருப்பான். அப்பா இருசக்கர வாகன மெக்கானிக். இளம் வயதில் பாம்பன் பக்கம் படகு எஞ்சின் வேலை கற்றவர். திருமணமாகி மதுரைக்கு வந்து பட்டறை போட்டுவிட்டார். இருந்தாலும் அந்தப் பக்கத்து உறவினர்கள் தங்கள் படகு மோட்டார் மக்கர் செய்தால் சாக்கில் சுற்றி லாரியிலோ லோடு ஆட்டோவிலோ ஏற்றி இவருக்கு அனுப்பிவிடுவார்கள். கை ராசி என்பார்கள் அல்லவா, அது.

ஒருநாள் ‘இயக்க விதிகள்’ தொடர்பாக ராக்கெட், துப்பாக்கி, படகிலிருந்து குதிக்கும் மனிதன் என்று வழக்கமான எடுத்துக்காட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இவன் எழுந்து, “சார், எங்க பட்டறையில போட் மோட்டாரை டிரம்முக்குள்ள ஓட்டுவோம் சார்” என்றான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. மாலையில் அவனோடு போய்ப் பார்த்தேன்.

முதலில் அந்த மோட்டாரை உங்கள் கண்முன் நிறுத்திவிடுகிறேன். நம்மில் பலர் தொலைவிலிருந்துதான் பார்த்திருப்போம். படகின் பின்பலகையில் வெளிப்புறமாகத் திருகிப் பொருத்துவது. தலைப்பகுதியில் எஞ்சின். அங்கிருந்து கீழே ஒரு நீண்ட கால். காலின் அடியில் கியர்ப் பெட்டியும் விசிறியும். புரொப்பெல்லரைப் பட்டறையில் விசிறி என்றுதான் சொன்னார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். விசிறிக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு ஒரு தட்டையான தகடு இருக்கும். பரப்பிலிருந்து காற்று இறங்கி விசிறிக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை. தகட்டின் அடியில், காலின் பக்கவாட்டில், சீப்புப்பல் மாதிரி சின்னத் துளைகள். அவைதான் எஞ்சினின் வாய். கடல்நீரை அதன் வழியே ஒரு சிறிய பம்ப் உறிஞ்சி, மேலே எஞ்சினைச் சுற்றி ஓடவிட்டு, மறுபடி வெளியே தள்ளும். அதில் ஒரு சிறு பங்கு பின்பக்கத் துளை ஒன்றிலிருந்து மெல்லிய தாரையாகப் பீச்சிக்கொண்டே இருக்கும். மீனவர்கள் ஓட்டும்போது அந்தத் தாரையின் மீது ஒரு கண் வைத்திருப்பார்கள். அது நின்றால் எஞ்சினை நிறுத்த வேண்டும்.

அந்தப் பம்பின் உள்ளே இருப்பது ஆறு இதழ்கள் கொண்ட ஒரு ரப்பர்ச் சக்கரம். செம்பருத்திப் பூவை அமுக்கி ஒரு டப்பிக்குள் வைத்த மாதிரி இருக்கும். சுற்றும்போது இதழ்கள் வளைந்தும் விரிந்தும் தண்ணீரைத் தள்ளும். அந்த ரப்பருக்கு உயவுப்பொருள் தண்ணீரேதான். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் ரப்பர் சுவரில் உராய்ந்து சூடாகி, ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

மோட்டார் சைக்கிளை ரிப்பேர் செய்தால் ஸ்டாண்டில் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். அதன் எஞ்சினைக் குளிர்விப்பது காற்று. தமிழகத்தின் கிழக்குக் கரையில் பல பைபர் படகுகளில் நீண்ட தண்டு வைத்த டீசல் எஞ்சின்கள் உண்டு. அவற்றிலும் காற்றால் குளிர்பவை கரையிலேயே ஓடும். ஆனால் இந்த வெளிப்பொருத்து மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டவே கூடாது. அதனால் ரிப்பேர் பார்த்தவருக்கு ஒரு தொட்டி வேண்டும். 1909-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் என்ற நார்வேக்காரர் இந்த வகை மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்தே கரையில் தொட்டி வேண்டியிருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பட்டறையில் இருந்தது 200 லிட்டர் நீலப் பேரல். மேல்மூடியை அறுத்து எடுத்துவிட்டு, விளிம்பில் ஒரு கனமான பலகையை போல்ட் போட்டு இறுக்கி, அந்தப் பலகையில் மோட்டாரை மாட்டியிருந்தார்கள். 9.9 குதிரைத்திறன், இரண்டடிப்பு எஞ்சின். விசிறியைக் கழற்றி ஓரமாக ஒரு துணியில் வைத்திருந்தார். கயிற்றை இழுத்தார். மோட்டார் பிடித்துக்கொண்டது. பின்னால் தாரை பீச்சியது. பத்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, தாரையில் விரலை வைத்துச் சூடு பார்த்து, நிறுத்தினார். அவ்வளவுதான் சோதனை. நல்ல தண்ணீரில் ஓடியதால் உள்ளே படிந்திருந்த உப்பும் கரைந்து வந்துவிடும், அது கூடுதல் லாபம்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. நம் ஆசைதான் தெரியுமே. அடுத்த சனிக்கிழமை தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, பெற்றோருக்குச் சொல்லி, நான்கு மாணவர்களை அழைத்துக்கொண்டு போனேன். அன்று வேறொரு மோட்டார் வந்திருந்தது. உரிமையாளர் மெக்கானிக்கின் மச்சான். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போகப் போகிறார். வேலை முடிந்துவிட்டது, ஓட்டிப் பார்ப்பதுதான் பாக்கி.

விசிறி இல்லாமல் மோட்டார் ஓடுவதைக் காட்டினால் மூன்றாம் விதி எங்கே தெரியும்? தண்ணீரைப் பின்னால் தள்ளுவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் அல்லவா? “அண்ணே, விசிறியை மாட்டி ஒரு நிமிஷம் கியர் போட்டுக் காட்டுங்களேன்” என்றேன்.

“வேண்டாம் சார், டிரம்முல அப்படிப் போடுறதில்ல.”

“ஒரே நிமிஷம்ணே. பிள்ளைங்க தள்ளித்தான நிக்குறாங்க.”

பையன் குறுக்கே வந்தான். “சார், தண்ணி பத்தாது சார். தகட்டுக்கு மேல ஒரு சாணாவது நிக்கணும். இப்ப நாலு விரக்கடை கூட கூடுதலா இல்ல.” நான் கேட்கவில்லை. அப்பாதான் அவனை அதட்டினார்: “டேய், சார் சொல்றாருல்ல.” பிறகு விசிறியை மாட்டினார். அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்னும் மறக்கவில்லை. முப்பது வருட அனுபவம் உள்ளவர், தன் தொழிலில் தனக்குத் தெரிந்ததை, வாத்தியார் சொன்னார் என்பதற்காக ஒதுக்கி வைத்தார்.

கியர் விழுந்ததும் தண்ணீர் பின்சுவரில் மோதி மேலே ஏறி, விளிம்பைத் தாண்டி முற்றமெல்லாம் கொட்டியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும்தான். எஞ்சின் சத்தம் மாறியதை மெக்கானிக் கேட்டு, எட்டி நிறுத்துவதற்குள் அரை நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. தாரை நின்று போயிருந்தது. தலைப்பகுதியிலிருந்து சுட்ட நாற்றம்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. வகுப்பில் பின்னால் செய்ததுதான், நீங்களும் செய்யலாம். பேரலின் விட்டம் சுமார் 57 சென்டிமீட்டர். குறுக்குப் பரப்பு 0.255 சதுர மீட்டர். ஒரு குடம், அதாவது 15 லிட்டர் வெளியே போனால் மட்டம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இறங்கும். மூன்று குடம் போனால் 18 சென்டிமீட்டர். அன்று பேரலில் 60 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் இருந்தது. தகடு தரையிலிருந்து 50 சென்டிமீட்டரில். உறிஞ்சும் துளைகள் அதற்கும் கொஞ்சம் கீழே. மூன்று குடம் தண்ணீர் முற்றத்துக்கு வந்ததும் மட்டம் 42-க்கு வந்துவிட்டது. துளைகள் காற்றில். ‘பை ஆர் ஸ்கொயர்’ என்று வருடாவருடம் எழுதிப் போடுகிறவன் நான். அந்தப் பேரலுக்கு முன்னால் நின்றபோது அது என் நினைவுக்கு வரவில்லை. நாலு விரக்கடை என்று அந்தப் பையன் சொன்னது அதே கணக்கைத்தான்.

காலைக் கழற்றினார்கள். பம்பைத் திறந்தால் ரப்பர்ச் சக்கரத்தில் இதழ்களே இல்லை. மொட்டையாக இருந்தது.

புதிய சக்கரம் மாட்டினால் தீர்ந்தது என்று நான் நினைத்தேன். இல்லையாம். பிய்ந்து போன இதழ்கள் எங்கே? அவை தண்ணீரோடு மேலே போயிருக்கும். எஞ்சினைச் சுற்றியுள்ள நீர்ப்பாதையில் எங்கேயாவது ஒரு துண்டு அடைத்துக்கொண்டிருந்தால், இங்கே நன்றாக ஓடும், கரையிலும் நன்றாக ஓடும். கடலில் போய் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு ஒரு பக்கம் மட்டும் சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டு பேர், ஒரு பைபர் படகு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம். பாக் நீரிணையில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கே தெரியும்.

தரையில் ஒரு செய்தித்தாளை விரித்து, அந்தப் பையன் துண்டுகளைத் தேடி எடுத்து அடுக்கத் தொடங்கினான். பம்ப் டப்பிக்குள் மூன்று. மேலே போகும் குழாயில் ஒன்று, பாதியாக. மற்றொரு பாதி எஞ்சின் அடியில். ஒவ்வொரு துண்டையும் பழைய சக்கரத்தின் மொட்டை அடியோடு பொருத்திப் பார்த்து, கிழிந்த ஓரம் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து வைத்தான். மாலை ஆறு மணிக்கு ஐந்து இதழ்கள் முழுமையாகிவிட்டன. ஆறாவதில் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு துண்டு குறைந்தது.

நான், “அவ்வளவு சின்னதுதானே” என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை, அந்த மட்டில் புத்தி இருந்தது. அப்பாவும் மகனும் எஞ்சினின் மேல் மூடியைத் திறந்தார்கள். அதற்கு ஒரு புதிய பேக்கிங் தாள் வேண்டும், அதுவும் மதுரையில் கிடைக்காது, ஆனாலும் திறந்தார்கள். இரவு ஒன்பதரைக்கு நீர்ப்பாதையின் ஒரு மூலையில், உப்புப் படிவுக்கு நடுவே, அந்தக் கறுப்புத் துண்டு கிடைத்தது. பையன் அதை எடுத்துப் பூவில் வைத்தான். சரியாகப் பொருந்தியது. அதுவரை அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

இந்தப் பையனுக்கு என் பதிவேட்டில் ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருந்தேன்.

ஞாயிறன்று மச்சான் வந்தார். உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “பரவாயில்ல சார், இங்க நடந்துச்சு. தண்ணிக்குள்ள நடக்கல” என்றார். உதிரிபாகம் வர ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் அவர் கடலுக்குப் போகவில்லை. பாகத்துக்குப் பணம் நான் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். ஐந்து நாள் வருமானத்தைப் பற்றிப் பேச்செடுத்தபோது பேச்சை மாற்றிவிட்டார். அது இன்னும் என் கணக்கில் பாக்கியாகத்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை இதை வகுப்பில் அப்படியே சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒரு மாணவி கேட்டாள்: “சார், அந்த மோட்டார் கடல்ல படகையே தள்ளும்னா, டிரம்மை ஏன் தள்ளல?”

ஆசிரியர்களே, நீங்கள் பதில் சொல்லுங்கள் பார்க்கலாம். நான் அன்று சொன்ன பதில், “டிரம் கனமாக இருக்கிறது” என்பது. தவறு. டிரம்மும் தண்ணீரும் சேர்ந்து இருநூறு கிலோதான். ஆட்களும் மீனும் ஏற்றிய படகு அதைவிடக் கனம். வழுவழுப்பான பனிக்கட்டி மேல் அந்த டிரம்மை வைத்திருந்தாலும் அது ஓடியிருக்காது, கொஞ்சம் ஆடியிருக்கும். இரவு வீட்டில் படம் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கே தெளிந்தது. கடலில் பின்னால் தள்ளப்பட்ட தண்ணீர் உந்தத்தை எடுத்துக்கொண்டு விலகிப் போய்விடுகிறது. அதற்கு ஈடான உந்தம் படகுக்கு. டிரம்மில் அந்தத் தண்ணீருக்குப் போக இடமில்லை. பின்சுவரில் மோதுகிறது, சுவரைப் பின்னால் தள்ளுகிறது. மோட்டார் பலகையை முன்னால் தள்ளுகிறது. பலகையும் சுவரும் ஒரே டிரம்மைச் சேர்ந்தவை. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. பாய்மரப் படகில் ஏறி நின்று நாமே விசிறியால் பாய்க்குக் காற்று வீசுகிற கதை.

மறுநாள் இதைத் தெர்மகோல் துண்டு, பலூன், ஸ்ட்ரா வைத்துக் காட்டினேன். தெர்மகோல் மீது பலூனை ஒட்டி, அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டால் ஓடுகிறது. அதே தெர்மகோலின் பின்முனையில், ஸ்ட்ராவின் வாய்க்கு நேர் எதிரே, சற்று அகலமான ஒரு அட்டையைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்திவிட்டுப் பலூனைத் திறந்தால், காற்று அட்டையில் மோதிப் பக்கவாட்டில் சிதறுகிறது. தெர்மகோல் அநேகமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. மொத்தச் செலவு பத்து ரூபாய்க்குள். அந்த மாணவியின் கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. தண்ணீரைக் கலக்கிய ஆற்றல் எங்கே போனது? படகு நகரவில்லை, டிரம் நகரவில்லை. எல்லாம் வெப்பம்தான். ஜூல் என்ற விஞ்ஞானி 1840-களில் ஒரு பாத்திரத்துத் தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, வெப்பநிலை ஏறுவதை அளந்தார் அல்லவா, நம் பேரல் அதே பாத்திரம்தான். 9.9 குதிரைத்திறன் என்றால் சுமார் 7,400 வாட். 150 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 6,30,000 ஜூல் வேண்டும். முழுத் திறனில் ஓட்டுவதாக வைத்துக்கொண்டால், விசிறி மட்டுமே 85 விநாடிக்கு ஒரு டிகிரி ஏற்றிவிடும். இதற்கு மேல் எஞ்சினின் சூடும் அதே தண்ணீரில்தான் இறங்குகிறது. சூடாகிக்கொண்டே போகும் தண்ணீரை வைத்து எஞ்சினைக் குளிர்விக்க முடியுமா? கடல் ஏன் பெரிதாக இருக்கிறது என்று அப்போது ஒரு பையன் சொன்னான், எல்லோரும் சிரித்தோம். படகு மோட்டார் கிடைக்காத பள்ளியில் மிக்சி போதும். ஜாரில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, வெப்பநிலைமானியில் குறித்துக்கொண்டு, விட்டுவிட்டு இரண்டு மூன்று நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். மிக்சி மோட்டாரின் சூடும் கொஞ்சம் ஜாருக்கு வரும், அதைப் பிள்ளைகளே ஆட்சேபமாக எழுப்ப வேண்டும் என்று காத்திருங்கள்.

இனி புதிய தொட்டி. அதை நாங்கள் எல்லோரும் சேர்ந்து திட்டமிட்டோம். கட்டியது மெக்கானிக்கும் ஒரு கொத்தனாரும்.

பிள்ளைகள் முதலில் சொன்னது, “தென்கால் கண்மாய்க்குக் கொண்டு போயிடலாம் சார்” என்பது. திருப்பரங்குன்றம் போகிற வழியில் இருக்கிறது, தண்ணீரும் அன்று இருந்தது. வேண்டாம் என்றேன். இரண்டடிப்பு எஞ்சினில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே எரிகிறது, எரியாத மீதி புகையோடு தண்ணீருக்குள்தான் போகும். கண்மாயில் அதைக் கலக்க நமக்கு உரிமை இல்லை. தரையில் குழி வெட்டித் தார்ப்பாய் விரிக்கலாம் என்று ஒருவன் சொன்னான். காலின் நுனி பட்டால் தார்ப்பாய் கிழியும். கடைசியில் பட்டறைக்குப் பின்னால் கிடந்த கிணற்று உறைகள் கண்ணில் பட்டன. மூன்றடி விட்டம், ஓரடி உயரம். மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடியில் கான்கிரீட் போட்டு, இணைப்புகளை உள்ளேயும் வெளியேயும் பூசி, ஒரு வாரம் ஈரத்தில் ஆறவிட்டார்கள்.

இதன் குறுக்குப் பரப்பு 0.656 சதுர மீட்டர். ஒரு குடம் வெளியே போனால் மட்டம் 2.3 சென்டிமீட்டர்தான் இறங்கும். பேரலில் 6. இந்த ஒரு ஒப்பீட்டைக் கரும்பலகையில் போட்டபோது அந்தப் பையன், “அதான் சார் நான் சொன்னேன்” என்றான். ஆமாம், அதைத்தான் சொன்னான்.

உறையின் விளிம்பில் மோட்டாரின் கவ்வியை இறுக்க முடியாது, சிமென்ட் பெயர்ந்துவிடும். அதனால் இரும்பு ஆங்கிளில் ஒரு சட்டம் செய்து, உறையைச் சுற்றிப் பட்டை போட்டு அதோடு சேர்த்து முடுக்கினார்கள். சட்டம் தனியாகவும் தொட்டி தனியாகவும் நின்றால், அந்த மாணவியின் கேள்வி வேறு விதமாகத் திரும்பிவிடும்: மோட்டார் சட்டத்தை ஒரு பக்கம் தள்ளும், தண்ணீர் தொட்டியை மறுபக்கம் தள்ளும். சட்டத்தின் மேல் கெட்டியான பலகை, அதன் மேல்விளிம்பு தரையிலிருந்து 95 சென்டிமீட்டர். குட்டைக் கால் மோட்டார்களில் கவ்வி உட்காரும் இடத்திலிருந்து தகடு சுமார் 38 சென்டிமீட்டர் கீழே இருக்கும். ஆக, தகடு 57-இல் நிற்கும். தண்ணீரை 75 வரை நிரப்பினால் தகட்டுக்கு மேல் 18 சென்டிமீட்டர். ஒரு சாண் கிட்டத்தட்ட. அந்த மட்டத்தில் உள்சுவரில் சிவப்புப் பெயிண்ட்டால் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே தண்ணீர் போனால் மோட்டாரை நிறுத்த வேண்டும், பேச்சே இல்லை. நெட்டைக் கால் மோட்டார் வந்தால் பலகையை 13 சென்டிமீட்டர் உயர்த்த ஆங்கிளில் இன்னொரு வரிசைத் துளைகள். நிரப்ப ஏறத்தாழ 490 லிட்டர். நம் ஊரில் இது சின்ன விஷயமல்ல. அதனால் ஒவ்வொரு முறையும் கொட்டிவிடுவதில்லை. பழைய துணியும் தேங்காய் நாரும் போட்டு மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை ஒற்றி எடுத்து, கழிவு ஆயில் டின்னில் சேர்த்துவிட்டு, தண்ணீரை மூடி வைத்து அடுத்த மோட்டாருக்கு வைத்துக்கொள்கிறார்கள். மூடி கட்டாயம், இல்லையென்றால் ஒரு வாரத்தில் கொசுப் புழு.

விசிறி? கழற்றித்தான் ஓட்டுகிறார்கள். தொட்டி பெரிதானது, ஆனால் அந்த வழக்கம் மாறவில்லை, மாறவும் கூடாது. சுழலும் விசிறிக்கும் தவறி விழும் கைக்கும் நடுவில் தண்ணீர் ஒரு தடுப்பே அல்ல. கியர் போட்டுப் பார்த்தே தீர வேண்டுமென்றால் அதற்கென்று இலை குறுகிய சோதனை விசிறிகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் காட்ட அதுவும் வேண்டியதில்லை. திறந்தவெளியில்தான் ஓட்ட வேண்டும். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, தொட்டி மீது குனிந்து பார்க்கவிடக் கூடாது. மாணவர்களுக்குச் சுண்ணாம்புக் கோடு, மணல் வாளி, இரண்டு பெரியவர்கள். இவை இல்லாமல் நான் இப்போது போவதில்லை.

புதிய தொட்டியில் முதலில் ஓடியது அதே மச்சானின் மோட்டார். பத்து நிமிடம். பிள்ளைகள் வெப்பநிலைமானியை ஒரு குச்சியில் கட்டி அளந்தார்கள். ஏறத்தாழ ஒரு டிகிரி கூடியது. தாரை ஒரே சீராக விழுந்தது. பையன் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “இளஞ்சூடு, சரியா இருக்கு சார்” என்றான். அவன் விரலும் வெப்பநிலைமானியும் ஒத்துப்போகின்றனவா என்று அடுத்த வாரம் ஐந்து வாளிகளில் வெவ்வேறு சூட்டில் தண்ணீர் வைத்துச் சோதித்தோம். நான்கு வாளிகளில் இரண்டு டிகிரிக்குள் சொன்னான்.

கருவி இல்லையே என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். இரண்டாம் உலகப் போரில் பள்ளிகள் அழிந்துபோன நாடுகளின் ஆசிரியர்களுக்காக யுனெஸ்கோ 1948-இல் ஒரு சிறு கையேடு போட்டது. கிடைத்த பொருளில் சோதனைக் கருவி செய்வது எப்படி என்று. அதுதான் வளர்ந்து 1956-இல் அவர்களுடைய அறிவியல் கற்பித்தல் மூலநூலானது. இதே பசுமலையில்தான் 1881-இல் அமெரிக்கன் கல்லூரி தொடங்கியது. இங்கே கற்பித்தவர்கள் எதை வைத்துச் சமாளித்தார்களோ. நான் அந்த மூலநூலைப் பயிற்சிக் காலத்தில் படித்தவன். அதில் கருவி செய்யச் சொல்லித்தருகிறார்கள். கருவியை வைத்திருப்பவர் ‘வேண்டாம்’ என்றால் நிறுத்திக்கொள்ள எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானாகப் பணம் கொடுத்துக் கற்றேன்.

அந்த மோட்டார்களில் ஒன்று எப்போதாவது நம் பக்கம் தேவைப்படலாம் என்பதையும் சொல்ல வேண்டும். 2015-இல் சென்னை வெள்ளத்தில் மீனவர்கள் படகுகளோடு தெருக்களுக்குள் வந்தார்கள். 2018-இல் கேரளத்தில் லாரிகளில் படகுகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம். மீட்புக்கென்று வாங்கி வைத்த மோட்டார் ஆண்டு முழுக்க மூலையில் நிற்கும். ரப்பர் இதழ்கள் ஒரே பக்கம் வளைந்தபடி இறுகிப்போகும். மழைக்கு முன்பு ஒருமுறை இப்படி ஒரு தொட்டியில் ஓட்டிப் பார்த்தால்தான் அது தெரியும்.

பையனைப் பற்றிக் கேட்பீர்கள். பெரிய மாற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வாரத்தில் மூன்று நாள் என்பது நாலரை நாளானது. சனிக்கிழமை பட்டறைக்கு நான் போவதாக ஒப்பந்தம். பத்தாம் வகுப்பில் அறிவியலில் 58. ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறித் தேறினான். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிக்க விண்ணப்பித்திருக்கிறான். ரப்பர் இதழ்கள் ஒட்டிய அந்தச் செய்தித்தாளைக் கேட்டு வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு எங்கள் ஆய்வகத்தில் மாட்டியிருக்கிறேன். ஆறாவது இதழில் அந்த நகம் அளவுத் துண்டு தனியாகத் தெரியும். எந்தப் பள்ளியிலிருந்தும் மாணவர்களை அழைத்து வரலாம். தொட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் முதல்நாளே சொல்லிவிடுங்கள், அண்ணனிடம் கேட்க வேண்டும். அவர் சரி என்றால்தான்.